ஈரம் காய்வதற்குள்: குளிர்காலத் தோல் வறட்சிக்கு ஒரு செவிலியரின் வழிமுறை

தோல் நோய்ப் பிரிவில் செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். குளிர் தொடங்கிவிட்டால் அங்கே வருகிறவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். தோல் இழுக்கிறது, காலில் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்கிறது, ராத்திரி போர்வைக்குள் போனதும் அரிப்பு தாங்க முடியவில்லை. வாங்கிப் பார்த்த கிரீம்களை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுவருகிறவர்களும் உண்டு. "எதுவும் கேட்க மாட்டேங்குது சிஸ்டர், நல்லதா வேற ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள்.

பையைப் பிரிப்பதற்கு முன் நான் மூன்று கேள்வி கேட்பேன். எவ்வளவு சூட்டில் குளிக்கிறீர்கள்? கிரீமை எப்போது தடவுகிறீர்கள்? ஒரு டியூப் எத்தனை நாள் வருகிறது? பெரும்பாலும் கோளாறு இந்த மூன்று பதில்களுக்குள்ளேயே இருக்கும். பையில் இருக்கும் கிரீம்களில் ஏதோ ஒன்றே அவருக்குப் போதுமானதாகவும் இருக்கும். எந்த கிரீம் என்று அலைகிற அக்கறையில் பாதியை எப்போது, எவ்வளவு என்பதில் காட்டினால் குளிர்காலத்தை நிம்மதியாகக் கடந்துவிடலாம். அதை முழுதாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குளிரில் தோலுக்கு என்ன ஆகிறது

தோலின் ஆக மேலே இருக்கும் அடுக்கு மிக மெல்லியது. உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர்தான். அதற்குள் தட்டையான, உயிரற்ற செல்கள் 15, 20 வரிசைகளாக அடுக்கியிருக்கின்றன. செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையில் சாந்தாக இருப்பவை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்ற கொழுப்புகள். உடம்புக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே போய்விடாமல் காப்பது அந்தச் சாந்துதான். செல்களுக்கு உள்ளேயும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள்கள் இருக்கின்றன: அமினோ அமிலங்கள், யூரியா, லாக்டிக் அமிலம். பின்னால் மாய்ஸ்சரைசர் அட்டைகளில் இதே பெயர்களைப் பார்ப்பீர்கள். தோல் தனக்குத் தானே செய்துகொண்டிருப்பதைத்தான் நாம் வெளியிலிருந்து ஈடுகட்டுகிறோம்.

இந்த மேலடுக்கில் தண்ணீரின் அளவு 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அதன் நெகிழ்வு போய்விடுகிறது. கை காலை மடக்கி நீட்டும்போது சின்னச் சின்னதாகக் கீறல் விடும். பழைய செல்கள் உதிர்வதற்கும் தண்ணீர் வேண்டும், ஏனென்றால் அவற்றைக் கழற்றிவிடும் நொதிகள் ஈரத்தில்தான் வேலை செய்யும். ஈரம் இல்லாதபோது செல்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக விழுவதற்குப் பதிலாகக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நாம் செதில் என்று சொல்வது அதைத்தான். தேய்த்து எடுத்துவிட வேண்டும் போலக் கை துறுதுறுக்கும். தேய்க்க வேண்டாம், ஈரம் திரும்பினால் தானே விழும்.

சரி, குளிர்காலத்தில் மட்டும் ஏன் இப்படி? குளிர்ந்த காற்றால் அதிகம் ஈரத்தைச் சுமக்க முடியாது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவி வரை தாங்கும். 0 டிகிரியில் சுமார் 5 கிராம்தான். அந்தக் குளிர்ந்த காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் சூடாகும்போது ஈரம் கூடுவதில்லை, சூடு மட்டும்தான் கூடுகிறது. அதனால் அறையின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அப்படிப்பட்ட காற்று எங்கே ஈரம் கிடைக்கும் என்று தேடி, நம் தோலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. இதற்கு மேல், குளிர் மாதங்களில் அந்தச் சாந்துக் கொழுப்பின் அளவே குறைகிறது. வயது ஏற ஏறவும் அது குறைகிறது. காற்று அதிகமாக உறிஞ்சும் அதே மாதத்தில் சுவரும் பலவீனமாக இருக்கிறது.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம்தான் முதலில் வறளும், கவனித்திருப்பீர்கள். அங்கே எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை அறவே கிடையாது.

முதலில் குளியலைச் சரிசெய்யுங்கள்

கிரீமைப் பற்றி அப்புறம் பேசுவோம். குளியலை மாற்றாமல் எந்த கிரீமைப் போட்டாலும் பாதிப் பலன்தான்.

குளிருக்குச் சுடச்சுடக் குளிப்பது எவ்வளவு சுகம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சூட்டில் தோலின் கொழுப்பு இளகுகிறது, சோப்பு அதைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடுகிறது. தண்ணீரை மணிக்கட்டின் உட்பக்கம் ஊற்றிப் பாருங்கள். சூடு என்று தோன்றக் கூடாது. குளிர் தெரியாத அளவுக்கு வெதுவெதுப்பாக இருந்தால் போதும். குளித்து முடித்ததும் தோல் சிவந்திருந்தாலோ குளியலறைக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தாலோ அன்றைய தண்ணீர் சூடு அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் 5 முதல் 10 நிமிடம். அதற்கு மேல் தண்ணீரில் நின்றால் தோல் ஊறும், வெளியே வந்ததும் முன்பைவிட வேகமாகக் காயும்.

சோப்பைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன். தோலின் மேற்பரப்பு இயல்பில் லேசான அமிலத் தன்மை கொண்டது, பி.எச் அளவு (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறக்குறைய 5. சாதாரணக் கட்டிச் சோப்பின் பி.எச் 9, 10 என்று இருக்கும். ஒவ்வொரு முறை உடம்பு முழுக்கச் சோப்பு போடும்போதும் தோல் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் பிடிக்கிறது. குளிர்காலத்தில் அக்குள், தொடையிடுக்கு, பாதம், அழுக்குப் பட்ட இடம் இவற்றுக்கு மட்டும் சோப்பு போதும். கை, கால், முதுகுக்குத் தினமும் வெறும் தண்ணீரே போதும். முடிந்தால் பி.எச் 5.5 என்று போட்டிருக்கும், மணம் சேர்க்காத மென்மையான கிளென்சருக்கு மாறுங்கள். நுரை குறைவாக வரும். அதைப் பார்த்துச் சுத்தமாகவில்லையோ என்று கவலைப்பட வேண்டாம். கழுவிய பின் தோல் இறுக்கமாக, தொட்டால் கிறீச்சென்று இருப்பதைச் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். போகக் கூடாத கொழுப்பும் சேர்ந்து போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

தேய்க்கும் நார், பிரஷ், மணல் மணலாக இருக்கும் ஸ்கிரப் எல்லாவற்றையும் குளிர் முடியும் வரை ஒதுக்கி வையுங்கள்.

அந்த மூன்று நிமிடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பீர்கள் என்றால் இந்தப் பகுதியை வையுங்கள்.

குளித்து முடித்ததும் தோலின் மேலடுக்கில் தண்ணீர் நிறைந்திருக்கும். அந்தத் தண்ணீரை அங்கேயே நிறுத்திவைப்பதுதான் மாய்ஸ்சரைசரின் முக்கியமான வேலை. துவட்டி, உடை மாற்றி, தலைவாரி, வேலையெல்லாம் முடித்து அரை மணி நேரம் கழித்துத் தடவினால் நிறுத்திவைக்க அங்கே தண்ணீர் மிச்சமிருக்காது. அதனால் மூன்று நிமிடத்துக்குள் தடவிவிட வேண்டும் என்று தோல் பிரிவில் எல்லாருக்கும் சொல்வோம்.

நான் செய்கிற விதம் இது. கிரீம் டப்பா படுக்கையறை அலமாரியில் இருக்காது, குளியலறைக்குள்ளேயே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். தண்ணீரை நிறுத்தியதும் கதவைத் திறக்க மாட்டேன். உள்ளே இருக்கும் ஆவியும் கதகதப்பும் அப்படியே இருக்கட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பேன். சொட்டுவது நின்றால் போதும், தோல் தொட்டால் ஈரமாகவே இருக்க வேண்டும். பிறகு கால்களில் தொடங்குவேன், ஏனென்றால் அவைதான் சீக்கிரம் காய்பவை, அவைதான் அதிகம் வறண்டவை. அடுத்து கை, அப்புறம் வயிறு, முதுகு, கடைசியில் முகம். பெரும்பாலானவர்கள் முகத்தில் தொடங்கிக் காலுக்கு வரும்போது டப்பாவையும் பொறுமையையும் மூடிவிடுகிறார்கள்.

முடி வளரும் திசையிலேயே, மேலிருந்து கீழாக நீவிவிடுங்கள். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் முடியின் வேர்க்கால்கள் அடைபட்டுச் சிறு கொப்புளங்கள் வரலாம். வழவழப்பு மறையும்வரை தேய்க்கத் தேவையில்லை. மெல்லிய பூச்சாக மேலே நின்றால் நல்லதுதான். சில நிமிடம் விட்டு உடை போடுங்கள். தரையில் சிந்தியதைத் துடைத்துவிட்டு வெளியே வாருங்கள். க்ரீஸ் பட்ட குளியலறைத் தரை முதியவர்களை வழுக்கி விழவைக்கும்.

ராத்திரி தூங்கப் போவதற்கு முன் இன்னொரு முறை. அப்போது குளிக்கத் தேவையில்லை. ஈரத் துணியால் கை காலைத் துடைத்துவிட்டு அதன் மேல் தடவினால் சரி.

எவ்வளவு எடுக்க வேண்டும்

டியூபிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனியில் தொடங்கி முதல் மடிப்புக் கோடு வரை நீளமாகப் பிதுக்குங்கள். அது ஒரு விரல்நுனி அளவு, சுமார் அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு (விரல்களையும் சேர்த்து) அது போதும். தோல் மருத்துவத்தில் மருந்து அளப்பதற்கு இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதே கணக்கில் ஒரு கைக்கும் அதன் உள்ளங்கை, புறங்கைக்கும் சேர்த்து 4 விரல்நுனி. ஒரு காலுக்கும் பாதத்துக்கும் 8. நெஞ்சு, வயிறு 7, முதுகு 7, முகமும் கழுத்தும் இரண்டரை. எல்லாம் கூட்டினால் ஒருமுறை உடம்பு முழுக்கத் தடவ ஏறக்குறைய 20 கிராம். அதாவது தினம் ஒருமுறை மட்டும் தடவினாலே 100 கிராம் டியூப் ஐந்து நாள்தான் வரும். கை கால் மட்டும் என்றாலும் ஒருமுறைக்கு 12 கிராம், டியூப் எட்டு நாள். "ஒரு டியூப் ரெண்டு மாசம் வருது சிஸ்டர்" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வேறு மருந்தே எழுதத் தேவையில்லை, அளவைச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று எனக்குப் புரிந்துவிடும். சின்ன அழகான டியூபுகளை விட்டுவிட்டு 500 கிராம் டப்பாவாக வாங்குங்கள். டப்பாவுக்குள் கையை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள், இல்லாவிட்டால் கிருமி சேரும்.

எதை வாங்குவது

மாய்ஸ்சரைசரில் மூன்று விதமான பொருள்கள் இருக்கும். தண்ணீரைப் பிடித்துவைப்பவை: கிளிசரின், யூரியா, லாக்டிக் அமிலம், ஹையலூரானிக் அமிலம். செல்களுக்கு இடையில் நிரம்பி வழவழப்பாக்குபவை: செராமைடு, கொழுப்புகள். மேலே மூடிபோல் நின்று ஆவியாவதைத் தடுப்பவை: பெட்ரோலியம் ஜெல்லி, மினரல் ஆயில், டைமெத்திகோன். நல்ல குளிர்கால கிரீமில் முதலாவதும் மூன்றாவதும் கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீரைப் பிடிக்கும் பொருள் மட்டும் இருந்து மேலே மூடி இல்லாவிட்டால், பிடித்த தண்ணீரை வறண்ட காற்று எடுத்துக்கொண்டு போய்விடும்.

லோஷனில் தண்ணீர் அதிகம், கிரீமில் நடுத்தரம், ஆயின்மெண்டில் மிகக் குறைவு. கோடையில் லோஷன் போதுமாக இருந்தவர்கள் குளிரில் கிரீமுக்கு மாறுங்கள். கிரீமும் போதவில்லை என்றால் ஆயின்மெண்ட். பம்ப்பை அழுத்தினால் தண்ணீராக ஓடிவருவது இந்தப் பருவத்துக்குப் பற்றாது.

பெட்ரோலியம் ஜெல்லியை நான் முழு மனதோடு சிபாரிசு செய்வேன். ராபர்ட் செஸ்பரோ என்பவர் 1872இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். வாஸ்லின் என்ற பெயர் அன்றிலிருந்து இருக்கிறது. இத்தனை வருடத்தில் எத்தனையோ புதிய பொருள்கள் வந்தும், ஈரம் ஆவியாவதைத் தடுப்பதில் இதை மிஞ்சியது இல்லை. மணம் சேர்க்காத வெறும் ஜெல்லியில் அலர்ஜி வருவதும் மிக அபூர்வம். பிசுபிசுப்புதான் அதன் ஒரே குறை. ஈரத் தோலில் மெல்லியதாகத் தடவினால் அதுவும் பாதி குறையும். முகப்பரு வரும் தோலுள்ளவர்கள் முகத்துக்கு மட்டும் வேறு எதையாவது பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணெய்களைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். எண்ணெயில் தண்ணீர் கிடையாது. காய்ந்த தோலில் தடவினால் பளபளப்பு வரும், ஈரம் வராது. ஈரத் தோலின் மேல் தடவினால் தேங்காய் எண்ணெய் நன்றாகவே வேலை செய்கிறது. சூரியகாந்தி எண்ணெயும் தோலின் சுவரைக் கெடுப்பதில்லை. ஆலிவ் எண்ணெயில் ஒலியிக் அமிலம் அதிகம். அது கொழுப்பு அடுக்கைத் தளர்த்துகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வறண்ட தோலுக்கு, முக்கியமாகக் குழந்தைகளின் தோலுக்கு அது வேண்டாம்.

வாசனை உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். "இயற்கை", "மூலிகை" என்று எழுதியிருப்பது அலர்ஜி வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூலிகை எண்ணெய்களின் வாசனையும் வாசனைதான். புதிதாக ஒன்றை வாங்கினால் முழங்கையின் உட்பக்கம் ஒரு சின்ன இடத்தில் தினம் இரண்டு முறை ஒரு வாரம் தடவிப் பாருங்கள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால் உடம்பெல்லாம் தடவலாம்.

யூரியா, லாக்டிக் அமிலம் உள்ளவை செதிலை நன்றாகத் தளர்த்தும். உடம்புக்கு 5 முதல் 10 சதவீத யூரியா போதும். ஆனால் வெடித்த, கீறிய தோலில் இவை எரியும். வெடிப்பு ஆறும் வரை ஜெல்லி, ஆறிய பிறகு யூரியா. குதிகாலுக்கு மட்டும் வழி வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

கை, குதிகால், உதடு

கைகளைப் பற்றிப் பேசச் செவிலியர்களுக்கு உரிமை உண்டு. ஒரு வேலை நாளில் நாங்கள் கழுவுகிற அளவுக்கு யாரும் கை கழுவியிருக்க மாட்டார்கள். குளிரில் விரல் மூட்டுகள் வெடித்து ரத்தம் கசிவதை என் கூட வேலை பார்த்த பல பெண்களிடம் பார்த்திருக்கிறேன். கை அழுக்காக இல்லாதபோது, கிளிசரின் சேர்ந்த ஆல்கஹால் சானிடைசர் சோப்பைவிடத் தோலைக் குறைவாகவே காயவைக்கிறது. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். வெடிப்பு இருந்தால் எரியும் என்பதால்தான் ஆல்கஹால் கெடுதல் என்ற எண்ணம் வந்தது. வெடிக்கவைத்தது பெரும்பாலும் சோப்பும் சுடுதண்ணீரும்தான்.

கை கழுவும்போது மோதிரத்தைக் கழற்றுங்கள். அதன் அடியில் சோப்பு தங்கி முதலில் அங்கேதான் சிவக்கும். விரல் இடுக்குகளை ஒற்றிக் காயவைத்து, உடனே ஒரு பொட்டு கிரீம். பாத்திரம் கழுவ, துணி துவைக்க ரப்பர் கையுறை போடுங்கள்; உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை இருந்தால் வியர்வையில் கை ஊறாது. ரொம்ப மோசமான நிலையில் இருந்தால் ராத்திரி தடிமனாக ஆயின்மெண்ட் தடவிப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு தூங்குங்கள். சில ராத்திரிகளிலேயே வித்தியாசம் தெரியும்.

குதிகால் வெடிப்புக்கு: வெதுவெதுப்பான தண்ணீரில் 10, 15 நிமிடம் பாதத்தை ஊறவைத்து, நுரைக்கல்லால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, ஈரத்தோடு 20 அல்லது 25 சதவீத யூரியா கிரீம் தடவி, பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். நுரைக்கல் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும், கிரீம் தினமும் வேண்டும். பிளேடு, கத்தி எதையும் எடுக்காதீர்கள். குதிகால் திறந்திருக்கும் செருப்பில் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் பக்கவாட்டில் விரிகிறது, அதனால் குளிர் மாதங்களில் மூடிய காலணி நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் நுரைக்கல்லையே தொட வேண்டாம். அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சின்னக் காயம் பெரிய புண்ணாகலாம். வெடிப்பில் ரத்தமோ நீரோ கசிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

உதட்டை நக்காதீர்கள். எச்சில் காயும்போது இருக்கிற ஈரமும் போகும். எச்சிலில் இருக்கும் செரிமான நொதிகள் உதட்டை அரிக்கவும் செய்யும். தடவினால் குளுகுளுவென்று இருக்கும் மென்தால், கற்பூரம் சேர்ந்த பாம்கள் எரிச்சலைக் கூட்டி, மறுபடி மறுபடி தடவவைக்கும். வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும். வாயோரம் மட்டும் இரண்டு பக்கமும் புண்ணாகி வெடித்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு.

முகத்துக்கு ரெட்டினால், கிளைகாலிக் அமிலம், ஆல்கஹால் டோனர் பயன்படுத்துகிறவர்கள் குளிர் முடியும் வரை குறைத்துக்கொள்ளுங்கள் அல்லது நிறுத்துங்கள். சன்ஸ்கிரீனை நிறுத்த வேண்டாம்.

அறையும் உடையும்

ஹீட்டரை உடம்பை நோக்கித் திருப்பி வைக்காதீர்கள், கால்களுக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். அறையைத் தாங்கக்கூடிய அளவு குளிர்ச்சியாக விட்டுவிட்டு உடையைக் கூட்டிக்கொள்வது தோலுக்கு நல்லது. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். அதை அளக்கச் சின்னக் கருவி கிடைக்கிறது. ஹ்யூமிடிஃபையர் வைத்தால் தண்ணீரைத் தினமும் மாற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் அதில் வளரும் கிருமியையும் பூஞ்சையையும் அறை முழுக்கத் தூவிக்கொண்டிருக்கும். ஜன்னல் கண்ணாடியில் நீர்த்துளி வழிந்தால் ஈரம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். சுவரில் பூஞ்சை பிடிப்பதற்கு முன் குறையுங்கள்.

கம்பளி நேராகத் தோலில் படக் கூடாது. உள்ளே ஒரு பருத்தி உடை, மேலே கம்பளி. துணி துவைத்தபின் ஒரு முறை கூடுதலாக அலசினால் சோப்புத்தூள் மிச்சம் துணியில் தங்காது.

நெருப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தினமும் கிரீம், ஆயின்மெண்ட் பட்டு ஊறிய உடையும் படுக்கை விரிப்பும் சாதாரணத் துணியைவிட வேகமாகத் தீப்பிடிக்கும். துவைத்தாலும் அந்தப் பிசுக்கு முழுதாகப் போவதில்லை. புகைபிடிப்பவர்கள், அடுப்புக்கும் திறந்த ஹீட்டருக்கும் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

தண்ணீர் நிறையக் குடித்தால் தோல் வறட்சி போய்விடுமா என்றும் கேட்பார்கள். தாகத்துக்குத் தேவையான அளவு குடியுங்கள், உடம்புக்கு அது வேண்டும். ஆனால் மேலடுக்கில் ஓட்டை இருக்கும்போது லிட்டர் லிட்டராகக் குடித்தும் காலின் செதில் போகாது.

பெரியவர்களும் குழந்தைகளும்

முதியவர்களின் கால்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். முழங்காலுக்குக் கீழே தோல் மெலிந்து, கோடு கோடாகச் சிவந்து வெடித்திருக்கும். அது வறட்சி முற்றி எக்சிமா என்ற தோல் அழற்சியாக மாறிய நிலை. எங்களிடம் ஒரு பாட்டி வருவார். எழுதிக்கொடுத்த கிரீம் வீட்டில் பிரிக்காமலே இருந்தது. காரணம் கேட்டால், "குனிய முடியலம்மா" என்றார். பிள்ளையிடம் கேட்கக் கூச்சம். அவர் மகனை உள்ளே கூப்பிட்டு விரல்நுனி அளவையும் தடவும் திசையையும் காட்டிக்கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது கால் ஆறியிருந்தது. உங்கள் வீட்டில் வயதானவர் இருந்தால் ராத்திரி கால்களுக்குத் தடவிவிடும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக இருப்பவருக்கு நீளக் கைப்பிடி வைத்த தடவும் கருவி கிடைக்கிறது. அவர்களுக்குத் தினக் குளியலும் கட்டாயமில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் குளித்து, மற்ற நாளில் தேவையான இடங்களை மட்டும் கழுவிக்கொள்ளலாம்.

குழந்தைகளுக்கும் விதி இதேதான்: வெதுவெதுப்பான தண்ணீர், குறைந்த நேரம், வாசனையில்லாத கிரீம், ஈரம் காய்வதற்குள். நுரைக் குளியல் வேண்டாம்.

அரிப்பு வந்தால் சொறியாமல் இருங்கள் என்று சொல்வது சுலபம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அரிக்கும் இடத்தில் ஈரத் துணியைச் சில நிமிடம் போட்டுவிட்டு உடனே கிரீம் தடவுங்கள். கிரீமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால் அரிப்பை இன்னும் நன்றாக அடக்கும். தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் பெரியவர்களுக்குக் கொடுக்காதீர்கள். வறட்சி அரிப்பு அதில் பெரிதாகக் குறையாது, தடுமாறி விழும் ஆபத்து மட்டும் கூடும். ஸ்டீராய்டு கலந்த கிரீமையும் தானாக வாங்கிப் பூச வேண்டாம். உடனே சுகம் தரும், மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோலையே மெலியவைத்துவிடும்.

எல்லாமே வறட்சி இல்லை

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி ராத்திரியில் கடுமையாக அரித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அதே அரிப்பு இருந்தால் அது ஸ்கேபிஸ் என்ற சிரங்காக இருக்கலாம். நுண்ணிய பூச்சியால் வருவது. வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். வட்டமாக ஓரம் சிவந்து பரவினால் படர்தாமரை. முழங்கை, முழங்கால், தலையில் தடிமனாக வெள்ளிச் செதில் என்றால் சொரியாசிஸாக இருக்கலாம். தோல் வறட்சியோடு சோர்வு, எடை கூடுதல், குளிர் தாங்காமை இருந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். சிறுநீரக நோய், சர்க்கரை நோய் இரண்டிலும் தோல் வறளும். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை, சில கொலஸ்ட்ரால் மருந்துகள், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் இவையும் வறட்சியைக் கொண்டுவரும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள்.

சீழ், தொட்டால் சூடு, பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். மற்றபடி மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சோப்பு, கிரீம், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது அட்டைகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரிப்பு எந்த நேரத்தில் அதிகம், வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது, ஒரு டப்பா எத்தனை நாளில் தீர்ந்தது, இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி மேலே வைத்துவிடுங்கள்.